சம்லீ ஒரு நாள் பிந்திப் போன சந்தை

சம்லீ நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். எங்கள் சந்தில் இருபத்திரண்டு வருடம் அவளைப் பார்த்திருக்கிறேன். சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை. காலையில் கடை திறந்ததிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை மேசைக்கு முன்னால் நின்ற கால்தான். கடை மூடிய பிறகாவது ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாளா என்றால், அதுவும் இல்லை. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாய். போகிற வழியில் யார் வீட்டுக் கொடியில் துணி சரிந்திருந்தாலும் இழுத்துவிடுவாள். யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும் திருகிவிடுவாள்.

"ஏண்டி, உன் காலுக்கடியில என்ன எறும்புப் புத்தா இருக்கு?" என்று கடை முதலாளியம்மா ஹியாங் கேட்பாள்.

"உக்காந்தா கால் மரத்துப் போவுதுக்கா. நின்னாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. இளவயதில் ஒருமுறை பெண் பார்க்க வந்தார்களாம். பையனுடைய அம்மா ஒரு குவளைத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இவள் மூன்று தடவை எழுந்து உள்ளே போய்விட்டாளாம். "இந்தப் பொண்ணு வீட்டுல தங்க மாட்டா" என்று சொல்லிவிட்டு அவர்கள் போனவர்கள்தான். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போதும் கை சட்டைக் காலரை நீவிக்கொண்டுதான் இருக்கும்.

மாதத்தில் ஒரு நாள் அவளுக்கு விடுப்பு. அந்த நாளில் பாங் மாக்காம் கால்வாய்க்குப் போவாள், படகுச் சந்தைக்கு. அந்தப் பக்கத்துப் பழைய சந்தைகள் கிழமை பார்த்துக் கூடுவதில்லை, பிறை பார்த்துக் கூடும். வளர்பிறையிலும் தேய்பிறையிலும் இரண்டு, ஏழு, பன்னிரண்டு. அன்றைக்குத்தான் காலை வேளையில் கால்வாயில் கடல் ஏறித் தண்ணீர் நிறைந்து நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. சம்லீ வளர்பிறை இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அமாவாசைக்கு அடுத்த இரண்டு நாளும் கடைக்குத் துணி குறைவாக வரும் என்பதால் ஹியாங்கும் ஒத்துக்கொண்டாள்.

"ஏண்டி, பக்கத்துல பெரிய கடைத்தெரு இருக்கு, சினிமா இருக்கு. அத்தனை தூரம் போய்த் தண்ணியில மிதக்கற கத்திரிக்காயைப் பார்க்கணுமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நூறு பாத் காசுக்குள்ள ஒரு நாள் முழுக்க ஓடிடுதுக்கா. சினிமான்னா ரெண்டு மணி நேரம் உக்காரணும்" என்றாள்.

உண்மைதான். எங்கள் பட்டணத்து வொங்வியன் யாய் நிலையத்தில் ரயில் ஏறினால் மஹாச்சாயில் இறக்கிவிடும். அங்கே ஆற்றைத் தோணியில் கடக்க வேண்டும். மறுகரையில் இன்னொரு குட்டி ரயில். அது மேக்லோங்கில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே போய் நிற்கும். பிறகு திறந்த வண்டியில் அரைமணி. ஒவ்வொரு இடத்திலும் ஏறி இறங்கி மாறிக்கொண்டே இருக்கலாம். அவள் காலுக்கு அது பிடித்திருந்தது. சந்தைக்குப் போனால் துறைப் படியில் நின்றுகொண்டு, படகிலிருந்து நீட்டுகிற நூடுல்ஸ் கிண்ணத்தை வாங்கி, நின்றே குடித்துவிட்டு, கரையோடு இரண்டு நடை நடந்து, அரைக் கிலோ தென்னங்கருப்பட்டி வாங்கிக்கொண்டு திரும்புவாள். அவ்வளவுதான் செலவு.

கருப்பட்டி வாங்கியது பியனிடம். அவன் ஐம்பது தாண்டியவன். மனைவி இறந்து ஆறு வருடம். குழந்தை இல்லை. தென்னந்தோப்பில் பாளை சீவி, பதநீர் காய்ச்சி, சந்தை நாட்களில் படகில் கொண்டுவந்து விற்பவன். முதல் நாளே சம்லீ அவனிடம் சண்டை போட்டாள்.

"இதுல வெள்ளைச் சர்க்கரை கலந்திருக்கு."

"கலக்கலேம்மா."

"கலக்காமலா இவ்வளவு வெளுப்பா இருக்கு? எங்க முதலாளியம்மாவோட பவுடரை விட வெளுப்பா இருக்கு."

அவன் ஒரு துண்டை உடைத்துத் துடுப்பின் முனையில் வைத்து நீட்டினானாம். இவள் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "சரி, அரைக் கிலோ" என்றாளாம். அதிலிருந்து இரண்டு வருடம் அவனிடம்தான் வாங்கினாள்.

அந்த வருடம் கோடையில், பிறைக் கணக்கில் நான்காம் மாதத்துச் சந்தைக்குப் போய்விட்டு வந்த அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. நான் மறுநாள் கோயில் வாசலில் விற்க மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தேன்.

"புவாக்கா, அந்த ஆளு கேட்டுட்டான்."

"எந்த ஆளு? என்ன கேட்டான்?"

"கருப்பட்டி. கூட வந்து இருக்கியான்னு."

அவன் சொன்னதை அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள். எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாளோ, ஒரு சொல் பிசகவில்லை. 'வாயால பதில் சொல்லச் சங்கடமா இருந்தா சொல்ல வேண்டாம். இன்னும் ரெண்டு மாசம் யோசி. ஆறாம் மாசம் வளர்பிறை ரெண்டுக்கு வந்து என் படகுல நீ போணி பண்ணு. உன் கை படற வரைக்கும் நான் ஒருத்தருக்கும் விக்க மாட்டேன். வந்தா சம்மதம்னு எடுத்துக்கறேன். வரலேன்னா இல்லைன்னு எடுத்துக்கறேன். அதுக்கப்புறம் செத்தாலும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.'

போணி என்பது எங்கள் ஊர் வியாபாரிகளுக்குச் சாதாரண விஷயம் இல்லை. முதல் கை கொடுத்த நோட்டை வாங்கிப் படகில் உள்ள ஒவ்வொரு சாமானையும் அதால் தட்டி, "ஓடு, ஓடு" என்பார்கள். அந்தக் கை நல்ல கையாக இருந்தால் மத்தியானத்துக்குள் படகு காலியாகும் என்று நம்பிக்கை. அதை ஒருவருக்காக நிறுத்தி வைக்கிறேன் என்று ஒரு படகுக்காரன் சொன்னால், அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"உனக்குப் பிடிச்சிருக்காடி?"

"பிடிச்சிருக்கு. அதுதான் தொல்லை" என்றாள். "அவனோட பொண்டாட்டி படகுல முன்னால உக்காந்து விப்பாளாம். அவன் பின்னால துடுப்புப் போடுவானாம். விடியக் காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும்கா. எழுந்து நின்னா கவுந்துடும். நான் எப்படி உக்காருவேன்?"

நான் அடுத்த பூவை நாரில் வைத்து முடிந்தேன். இப்படி ஒரு காரணத்துக்காக யாராவது கல்யாணத்துக்குத் தயங்குவார்களா என்று தோன்றியது. ஆனால் அவளைத் தெரிந்தவர்களுக்கு அது பொய் இல்லை.

ஐந்தாம் மாதத்துச் சந்தைக்கு அவள் போகவே இல்லை. அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சம் என்றாள். வீட்டிலும் தரிக்கவில்லை. விடியும் முன்பே சந்தில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும். ஒருநாள் ஒரு வாத்தியாருடைய வெள்ளைச் சட்டையில் காலரைத் தீய்த்துவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. ஹியாங் திட்டக்கூட இல்லை. சட்டையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்துவிட்டு, "போய் முகம் கழுவிட்டு வா" என்று மட்டும் சொன்னாளாம்.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். விரத நாளில் கோயிலுக்குப் போகும்போது அவள் பெயரைச் சொல்லி ஒரு ஊதுபத்தி கூடுதலாக ஏற்றினேன். அவளுக்கு எது நல்லதோ அது நடக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். இன்னது நடக்கட்டும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ஐந்தாம் மாதத் தேய்பிறை எட்டு விரதம் முடிந்து இரண்டு நாள் கழித்து எனக்குக் காய்ச்சல் கண்டது. அமாவாசைக்குக் கோயிலுக்குப் போக முடியவில்லை. எழுந்து உட்காரத் தொடங்கியதும் சம்லீ வந்து நின்றாள்.

"அக்கா, போகறதுன்னு முடிவு பண்ணிட்டேன். உக்காரறதைப் பத்தி அப்புறம் பார்த்துக்கறேன். ஆனா தனியாப் போனா பாதி வழியில இறங்கித் திரும்பிடுவேன். நீங்க கூட வரணும். ரெண்டாம் நாள் என்னைக்கு வருது?"

விரலில் எண்ணினேன். முப்பது வருடமாக விரத நாள் காக்கிறவள் நான். நாட்காட்டியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தேய்பிறை எட்டு போன வெள்ளிக்கிழமை. அதிலிருந்து ஏழு நாள் கழித்து அமாவாசை. பிறகு ஒன்று, இரண்டு.

"ஞாயித்துக்கிழமை" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பிறை தெரிந்தது. முதல் பிறையே இத்தனை தெளிவாக இருக்கிறதே என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். ஒற்றைப்படை மாதங்களில் ஒரு நாள் குறைவு, தேய்பிறை பதினான்கிலேயே அமாவாசை வந்துவிடும் என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோயிலுக்குப் போயிருந்தால் நினைவு வந்திருக்கும். படுக்கையில் கிடந்தவளுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் கிளம்பினோம். அவள் தானே இஸ்திரி போட்ட நீலச் சட்டை போட்டிருந்தாள். மடிப்பு கத்தி போல் நின்றது. வண்டியில் இடம் நிறையக் கிடந்தும் கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் இரண்டு பேர் இடத்தில் ஒருத்தியாக உட்கார்ந்து வந்தேன்.

"அக்கா, அவன் இத்தனை நேரம் வந்திருப்பானா?"

"வந்திருப்பான்டி."

"வேற யாராவது முன்னாடியே வந்து வாங்கிட்டா?"

"விக்க மாட்டேன்னுதானே சொன்னான்."

"பிக்கு வந்தா? பிக்கு பாத்திரத்தை நீட்டினா போடாம இருக்க முடியுமா?"

"பிக்குவுக்குப் போடறது தானம். அது போணி ஆகாது. பேசாம வா."

தோணியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் மீன்காரிகளின் கூடைகளுக்கு நடுவில் நின்றாள். "ஏம்மா, நீ நின்னா தோணி சீக்கிரம் போயிடுமா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி, "விடு, மாப்பிள்ளை அந்தக் கரையில காத்துக்கிட்டிருப்பான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சம்லீக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

குட்டி ரயில் உப்பளங்களுக்கு நடுவே ஆடிக்கொண்டு போனது. மேக்லோங்கில் இறங்கித் திறந்த வண்டி பிடித்தோம். எப்போதும் அந்த வண்டி கூடைகளால் நிறைந்திருக்கும் என்பாள். அன்றைக்கு எங்கள் இருவரைத் தவிர ஒரு பள்ளிக்கூடத்து ஆயா மட்டும்தான் இருந்தாள். சம்லீ அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தாள்.

துறையில் இறங்கியபோது மணி ஒன்பதரை. கால்வாய் கரை தொட்டு நிறைந்திருந்தது. ஒரு படகு இல்லை.

தண்ணீர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஓரத்தில் இரண்டு வாழை இலைக் கிண்ணங்கள் மிதந்தன. படிக்கட்டில் ஒரு பெண் பெரிய அலுமினியப் பானை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பம்பளிமாஸ் பழங்கள் குவிந்து கிடந்தன.

"சந்தை இன்னும் கூடலியா?" என்று நான் கேட்டேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்தி எங்களை மேலும் கீழும் பார்த்தாள். "நேத்தே கூடிக் கலைஞ்சாச்சும்மா. இன்னைக்கு மூணாம் நாள்."

"ரெண்டாம் நாளில்லையா?"

"குறைமாசம்லம்மா! அஞ்சாம் மாசத்துக்கு ஏது தேய்பிறை பதினஞ்சு? பட்டணத்துல அமாவாசைகூட ஒருநாள் லேட்டாத்தான் வருமோ?"

சம்லீயின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தப் பெண்ணோ பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாள்.

"நீங்க நேத்து வந்திருக்கணும். இப்படி ஒரு கூத்தை நான் என் ஆயுசுல பார்த்ததில்லை. கருப்பட்டிக்காரன் ஒருத்தன் இருக்கான், பியன்னு பேரு. படகு நிறையச் சரக்கு. விடிஞ்சதிலேருந்து ஒருத்தருக்கும் விக்கலை. 'இன்னும் போணி ஆகலை, இன்னும் போணி ஆகலை'ங்கறான். நானே காசை நீட்டறேன், 'நீ வேண்டாம், போ'ங்கறான். இருபது வருஷமா பக்கத்துப் படகு! எனக்கு எப்படி இருக்கும்?"

"அப்புறம்?" என்று சம்லீ கேட்டாள். அவள் குரல் சின்னதாக இருந்தது.

"அப்புறம் என்ன, எல்லாரும் வித்துட்டுக் கிளம்பிட்டோம். இவன் ரோட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான். வண்டி வரும்போதெல்லாம் எழுந்திரிக்கப் பார்க்கறான், படகு ஆடுது, திரும்ப உக்காருறான். தண்ணி வத்திப்போச்சு. படகு சேத்துல உக்காந்துடுச்சு. சாயங்காலம் தண்ணி திரும்பற வரைக்கும் அங்கேயே கிடந்தான், தலையில துண்டைப் போட்டுக்கிட்டு. 'டேய், உன் மகாராணி வர்ற கப்பல் கவுந்துடுச்சாடா'ன்னு பாலத்துல நின்னு அத்தனை பேரும் கேட்டாங்க. யாரோ பட்டணத்துல இஸ்திரி போடற பொம்பளையாம். அவ வரவே இல்லை."

சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் சம்லீயின் சட்டை மடிப்பில் போய் நின்றது. கையிலிருந்த நார் தண்ணீரில் விழுந்தது.

"அடிப்பாவி. நீதானா அது?"

சம்லீ உட்கார்ந்தாள்.

ஈரப் படி என்று பார்க்கவில்லை. அப்படியே உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கால் அசையவில்லை, கை அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னைத் திட்டுடி. நான்தான் தப்பா எண்ணிச் சொன்னேன். காய்ச்சல் தலையில இருந்துச்சு."

"விடுங்கக்கா. வரலேன்னா இல்லைன்னு எடுத்துக்கறேன்னான். எடுத்துக்கிட்டிருப்பான்." தண்ணீரைப் பார்த்தபடியே, "அடுத்த வண்டி எப்போ?" என்றாள்.

பம்பளிமாஸ்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். "வண்டியா? ஏம்மா, அவன் ஒரு பகல் முழுக்கச் சேத்துல கிடந்திருக்கான், நீ அவன் வீடு வரைக்கும் நடக்க மாட்டியா? கரையோட போ. மூணு மரப்பாலம் தாண்டினா புகை தெரியும். அந்த வீடுதான்."

"போய் என்ன சொல்றது?"

"மாசம் குறைமாசம்னு சொல்லு. வேற என்ன சொல்லுவே?"

பாலம் என்றால் வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட ஒற்றைத் தென்னை மரம். பிடித்துக்கொள்ள ஒரு மூங்கில். முதல் பாலத்தில் நான் புத்தரைக் கூப்பிட்டுக்கொண்டே அடி அடியாகப் போனேன். சம்லீ அதற்குள் மூன்றாவதைத் தாண்டியிருந்தாள். அவளுக்குக் கால் திரும்ப வந்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டு முன்னால் நீளமான மண் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல் நான்கு பெரிய இரும்புச் சட்டிகள். ஒரு வயதான அம்மா கண் எரிய எரிய ஒரு சட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். பியனுடைய அக்கா நியம் அவள்தான் என்று பிறகு தெரிந்தது.

"பியன் இருக்காரா?" என்று நான் கேட்டேன்.

"இருக்கான், மரத்து மேல. கீழ இருந்தா என் கையில அடி வாங்குவான்னு மேலயே இருக்கான். பாளையில கட்டின மூங்கில் குழாயை நேத்துச் சாயங்காலம் இறக்கலை, புதுசு கட்டினதே ராத்திரிதான். அத்தனை பதநீரும் புளிச்சுப்போச்சு. முப்பது மரத்துப் பதநீர்! எவளோ ஒருத்தி வருவாளாம், இவன் போணி பண்ணணுமாம். நீங்க யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சம்லீ சொன்னாள். "அந்த எவளோ ஒருத்தி."

நியம் கரண்டியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள். பிறகு தோப்பைக் காட்டினாள். "நாலாவது வரிசை. கத்தி வச்சிருக்கான், பார்த்துப் பேசு."

நாலாவது வரிசையில் ஒரு தென்னையின் உச்சியில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் ஏறுவதற்குக் கணு விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில் சாத்தியிருந்தது. சம்லீ அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"பியன்! கீழ வாங்க."

பாதம் இரண்டும் அசையாமல் நின்றன. "பாளை சீவிக்கிட்டிருக்கேன்" என்று குரல் வந்தது.

"சீவிட்டு வாங்க."

"இன்னும் பதினெட்டு மரம் இருக்கு. சொல்ல வந்ததை அங்கேருந்தே சொல்லு. இல்லைன்னு சொல்றதுக்கு நேர்ல வரணும்னு நான் கேட்கலையே. நேத்தே விளங்கிடுச்சு."

"ஒண்ணும் விளங்கலை உங்களுக்கு! இல்லைன்னு யார் சொன்னா?"

மேலிருந்து ஒரு மூங்கில் குழாய் கைநழுவி, மட்டையில் மோதி, எங்கள் காலடியில் வந்து விழுந்தது. பதநீர் தெறித்து அவளுடைய நீலச் சட்டை நனைந்தது.

"பின்ன நேத்து ஏன் வரலை?"

"தம்பி, தப்பு என்னுது" என்று நான் கத்தினேன். "நான்தான் நாள் சொன்னேன். குறைமாசத்தை மறந்துட்டேன். இந்தப் பொண்ணு ரெண்டு மாசமாத் தூங்கலை. கோயில் வாசல்ல பூ விக்கறவ நான், பொய் சொல்ல மாட்டேன்."

அவன் இறங்கி வந்தான். மெலிந்த ஆள். வெயிலில் ஒரு பகல் முழுக்கக் கிடந்ததில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. இடுப்பில் கத்தி, தோளில் குழாய்கள். சம்லீயிடமிருந்து நாலடி தள்ளி நின்றான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழுந்த குழாயைப் பார்த்தான்.

"அஞ்சாம் மாசத்துக்குப் பதினஞ்சு கிடையாதுன்னு பட்டணத்துல யாருக்கும் தெரியாதா?" என்றான்.

"தெரியாது. எங்களுக்கெல்லாம் சட்டைக் காலர்தான் தெரியும்" என்றாள் சம்லீ. "இங்க பாருங்க. நான் வந்ததே ஒண்ணு சொல்லத்தான். என்னால படகுல உக்கார முடியாது. அரைமணி நேரம் உக்காந்தா எனக்கு உயிர் போயிடும். கோவம் வந்தா இப்பவே சொல்லிடுங்க, மூணரை ரயிலுக்குப் போயிடறேன்."

"உக்காரச் சொல்லி யாரு கேட்டா?"

"போணி பண்ணச் சொன்னீங்களே."

"போணி பண்ண எதுக்கு உக்காரணும்? ரெண்டு வருஷமா நீ என் துறையில நிக்கறதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு நாளாவது உக்காந்து பார்த்ததில்லை. உன்கிட்ட நான் படகுக்கு ஆளா கேட்டேன்?"

"பின்ன எதுக்கு?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "அடுப்புப் பக்கம் அக்காவால முடியலை..." என்று தொடங்கினான்.

"ஏண்டா!" என்று அடுப்படியிலிருந்து நியம் கத்தினாள். அவள் காது அத்தனை கூர்மை. "பொண்டாட்டி கேட்கறியா, வேலைக்கு ஆள் கேட்கறியா? ஒழுங்காச் சொல்லுடா!"

"பேச ஆள் வேணும்" என்றான் பியன். முகம் மூக்கைவிடச் சிவந்துவிட்டது. "நீ நின்னுக்கிட்டே பேசு. நடந்துக்கிட்டே பேசு. அது உன் இஷ்டம். வீட்டுல அக்காவோட திட்டுதான், பேச்சே இல்லை."

சம்லீ குனிந்து அந்தக் குழாயை எடுத்தாள். பாதிப் பதநீர் இன்னும் இருந்தது.

"போணி போச்சு" என்றான் அவன். "அடுத்த சந்தை ஏழாம் நாள். நாலு நாள் இருக்கு. அதுக்குள்ள நீ நல்லா யோசிச்சு, அன்னைக்கு..."

"இன்னும் நாலு நாளா? என்னால முடியாது" என்றாள் சம்லீ. "ரெண்டு மாசம் யோசிச்சதே போதும். சம்மதம்தான். இப்பவே சொல்லிட்டேன், இந்தக்கா சாட்சி. போணியை நீங்க யார்கிட்ட வேணும்னாலும் பண்ணிக்கங்க. பாவம், அந்தப் பம்பளிமாஸ்காரிகிட்ட பண்ணுங்க, அவ ரொம்ப வருத்தப்படறா."

அந்த நேரம் பார்த்து நியம் அலறினாள். மூன்றாவது சட்டி பொங்கிவிட்டது. சம்லீ ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவள் மூங்கில் கூடையைச் சட்டியில் கவிழ்த்து நுரையை அடக்கியிருந்தாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பக்கத்துச் சட்டியில் அப்படி இருந்ததைப் பார்த்துச் செய்திருக்கிறாள்.

"நல்லது" என்றாள் நியம். "அடுத்ததை இறக்கணும். துணியைப் பிடி. கை சுடும்."

"சுடறது எனக்குப் பழக்கம்தான்."

அதற்குப் பிறகு என்னிடம் பேச யாருக்கும் நேரம் இல்லை. பதநீர் காத்திருக்காது. வெயில் ஏற ஏறப் புளிக்கும். பியன் மரத்துக்கும் அடுப்புக்கும் ஓடினான். சட்டியை இறக்கி, சுருள் கம்பியால் அடிக்க வேண்டும். கை விடாமல் அடித்தால்தான் பாகு வெளுத்துக் கெட்டியாகும். நியம் அடித்தால் நூறு எண்ணுவதற்குள் மூச்சு வாங்கி நிறுத்துவாளாம். சம்லீ நின்றபடி, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, இரண்டு சட்டி முழுவதையும் அடித்து முடித்தாள். நடுநடுவே பியன் குழாயோடு வந்து நிற்பான். ஏதாவது சொல்வான். அவள் திருப்பி ஏதாவது சொல்வாள்.

"இதுல வெள்ளைச் சர்க்கரை எங்க கலப்பீங்க, காட்டுங்க பார்க்கலாம்."

"அது ராத்திரியில கலக்கறது. வெளியாளுக்குக் காட்ட மாட்டோம்."

"நான் இன்னும் வெளியாளா?"

அவன் மரத்துக்கு ஓடிவிட்டான். நியம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

நான் ஒரு மூலையில் உட்கார்ந்து தென்னை ஓலையைக் கிழித்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் புத்தருக்கு நன்றி சொன்னேன். என் பிழையை எடுத்து இப்படிச் சரிசெய்து வைக்க அவருக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். ஆனாலும் முழு நிம்மதி வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மூன்றரை ரயிலை விட்டால் அன்றைக்கு வேறு ரயில் இல்லை.

"சம்லீ, கிளம்பலாமா?"

"நீங்க போங்கக்கா" என்றாள். கை நிற்கவில்லை. "நேத்துப் பதநீர் எல்லாம் என்னாலதான் புளிச்சது. இன்னைக்குச் சாயங்காலச் சட்டியையும் இவங்களே தூக்கினா முதுகு ஒடிஞ்சிடும்."

"ஹியாங்குக்கு நான் என்னடி சொல்லுவேன்? ஊர் என்ன சொல்லும்?"

நியம் குறுக்கிட்டாள். "என் கூட என் கொசுவலைக்குள்ள படுத்துக்குவா. அவன் படகுல படுத்துக்குவான், நேத்துப் பழகிட்டான். கோயில்ல பிக்குகிட்ட நாள் பார்த்து, கல்யாண நூல் கட்டற வரைக்கும் இந்த வீட்டுல நான்தான் பெரியவ. போதுமா?"

போதும்தான்.

பாலங்கள் வழியாக என்னைத் திரும்ப அழைத்துப்போக சம்லீயே வந்தாள். இந்த முறை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையெல்லாம் பாகு ஒட்டிப் பிசுபிசுவென்று இருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கடையில் மூன்றாவது தட்டில் இருக்கிற வெள்ளைச் சீருடைக்குக் கஞ்சி குறைவாகப் போட வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் ஒயர் பிடியருகே பிய்ந்திருக்கிறது, தொட வேண்டாம். அவளுடைய துணிகளை ஒரு பையில் போட்டு, வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும். முதலாளியம்மாவிடம் தானே வந்து ஒரு நாள் காலில் விழுவதாகச் சொல்ல வேண்டும்.

"பயமா இருக்காடி?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள். "ஆனா அந்தச் சட்டி இருக்கு பாருங்க, அதை யாராவது அடிச்சுக்கிட்டே இருக்கணும். நிறுத்தவே கூடாது. இப்படி ஒரு வேலை இருக்குன்னு எனக்கு ஏன் யாரும் சொல்லலை?"

ரோட்டுக்கு வந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் ஏறி உட்கார்ந்து, இந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வண்டி கிளம்பும் வரை அவள் நிற்கவில்லை. மரப்பாலத்தின் நடுவில் இருந்தாள், மூங்கிலைப் பிடிக்காமல், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள்.